உரிமம் தேவையில்லாத அலைக்கற்றையில் செல்போன் சிக்னலும் வைஃபையும் ஒத்துப்போகுமா? அதை எப்படிச் சோதிப்பது?

சென்னையில் வயர்லெஸ் கருவிகளைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். நீங்கள் இசிஇ இறுதியாண்டு ப்ராஜெக்டுக்காகக் கேட்டிருப்பதால் சோதனைப் பக்கத்தையே அதிகம் சொல்கிறேன்.

இந்தியாவில் 2018 அக்டோபரில் 5 கிகாஹெர்ட்ஸில் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ் உரிமம் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்டது. வைஃபை ஓடும் இந்த இடத்தில் எல்டிஇ, அதாவது 4ஜி செல்போன் சிக்னல், நுழைய இரண்டு வழிகள் உண்டு. எல்டிஇ-யூ கொஞ்ச நேரம் அனுப்பும், கொஞ்ச நேரம் ஓய்ந்திருக்கும். செல்போன் தரநிலைகளை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின் ரிலீஸ் 13இல் வந்த எல்ஏஏ, ஒவ்வொரு முறையும் சேனல் காலியா என்று கேட்டுவிட்டுத்தான் அனுப்பும்.

சோதனையில் முதலில் இரண்டு வைஃபை நெட்வொர்க்கை அருகருகே ஓடவிட்டு அளக்க வேண்டும். அப்புறம் ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எல்ஏஏ பேஸ் ஸ்டேஷனை வைக்க வேண்டும். மிச்சமிருக்கும் வைஃபை முன்பைவிட மோசமாகக் கூடாது. முதல் அளவீடு இல்லாத எந்த முடிவையும் நான் ஏற்க மாட்டேன். வேளச்சேரி அடுக்குமாடியில் பக்கத்து வீட்டு ரூட்டர்களாலேயே வேகம் குறைந்திருக்கும். அந்தப் பழியை எல்டிஇ மேல் போட முடியாது.

சிக்கல் நிஜமாக இருப்பது சிக்னல் சுமாராக வரும் இடத்தில். சிக்னல் வலிமையை டிபிஎம்மில் சொல்வோம்; மைனஸுக்குப் பின் எண் கூடக் கூட சிக்னல் பலவீனம். இன்னொரு வைஃபை மைனஸ் 82 டிபிஎம்மில் வந்தாலே வைஃபை அடையாளம் கண்டு ஒதுங்கிவிடும். எல்டிஇ அதற்குப் புரியாத சிக்னல் என்பதால் மைனஸ் 62 வரை ஏறினால்தான் ஒதுங்கும். இடையில் இருக்கும் 20 டிபி என்றால் சிக்னல் சக்தியில் நூறு மடங்கு வித்தியாசம். எல்ஏஏ ஒதுங்கும் எல்லையோ மைனஸ் 72. ஆக, மைனஸ் 78இல் வரும் வைஃபையை எல்ஏஏ கண்டுகொள்ளாது. சுவர் தாண்டி வரும் பக்கத்து வீட்டு சிக்னல் பெரும்பாலும் இந்த அளவில்தான் இருக்கும். அதனால் கருவிகளை மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதித்து 'பாஸ்' போடுவது சரியில்லை. கேபிளில் இணைத்து, சிக்னலைக் குறைக்கும் அட்டெனுவேட்டர் வைத்து, மைனஸ் 60இலிருந்து 85 வரை படிப்படியாக இறக்கிப் பாருங்கள்.

எல்டிஇ-யூவில் வேறொரு தொல்லை. வைஃபை பாக்கெட் பாதியில் இருக்கும்போது எல்டிஇ அனுப்பத் தொடங்கினால் பாக்கெட் கெட்டுவிடும். சிக்னல் பலவீனம் என்று நினைத்து ரூட்டர் வேகத்தைக் குறைக்கும். மெதுவான பாக்கெட் காற்றில் அதிக நேரம் இருக்கும், மறுபடி மோதும் வாய்ப்பும் கூடும்.

சராசரி வேகம் மட்டும் போதாது. தாமதத்தையும் அளந்துகொள்ளுங்கள். சராசரி நன்றாக இருக்கும்போதே வாய்ஸ் கால் விட்டுவிட்டு வருவதுண்டு. நெட்வொர்க் இருப்பதை அறிவிக்க ரூட்டர் அனுப்பும் வைஃபை பீக்கன் வழக்கமாக 102.4 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை வரும். அவை தொடர்ந்து தவறினால் புதிதாக ஒரு போன் இணையவே திணறும். இதையும் தனிச் சோதனையாக வையுங்கள்.

கருவிகள் கிடைக்காவிட்டால் என்எஸ்-3 சிமுலேட்டரில் தொடங்கலாம். வைஃபையும் எல்ஏஏவும் சேர்ந்து இயங்குவதைப் பார்க்க அதில் மாட்யூல் எழுதியிருக்கிறார்கள்.