வடசென்னை: ஜனமும் வீடும் – கேள்வி பதில்

வங்கிக் கடனுக்காக வீடுகளை மதிப்பிடுவது என் தொழில். பெரும்பாலும் வடசென்னையில்தான் வேலை. வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்:

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருவில் பாதி வீடுகள் கிடங்காகிவிட்டன. ஜனம் குறைகிறதா சார்?

குறையவில்லை, நகர்கிறது. 2001-ல் சென்னை மாவட்டத்தில் 43.4 லட்சம் பேர், 2011-ல் 46.5 லட்சம். பத்து வருடத்தில் 7 சதவீதம்தான். அதே காலத்தில் பக்கத்துத் திருவள்ளூர் மாவட்டம் 35 சதவீதம் வளர்ந்தது. அப்போது அந்த மாவட்டத்தில் இருந்த மாதவரம் 77 ஆயிரத்திலிருந்து 1.19 லட்சமானது. 2021 கணக்கெடுப்பு நடக்காததால் கையில் இருக்கும் கடைசி அரசுக் கணக்கு இதுதான். எம்.சி. ரோடு பக்கம் துணி வியாபாரி தரும் வாடகையைக் குடும்பஸ்தர் தர முடியாது, அதனால்தான் கிடங்கு.

ஜனம் கூடவில்லை என்றால் தண்டையார்பேட்டையில் வாடகை மட்டும் ஏன் ஏறுகிறது அண்ணா?

தலையை எண்ணாதீர்கள், அடுப்பை எண்ணுங்கள். முன்பு ஒரே அடுப்பில் எட்டுப் பேர் சாப்பிட்ட குடும்பம் இன்று மூன்று குடும்பம். ஆள் அதேதான், வீடு மூன்று வேண்டும்.

இங்கே மனைகள் குறுகல், நீளம் அதிகம். தெருவாசலில் நுழைந்தால் ஒரு நடை, அதன் ஓரமாக வரிசையாக நாலைந்து போர்ஷன், கடைசியில் பொதுக் குழாயும் கழிப்பறையும். மகனுக்குக் கல்யாணம் என்றால் மொட்டை மாடியில் ஷீட் போட்டு ஓர் அறை எழும்பும். அடுத்த மகனுக்கு மாடியிலும் இடமிருக்காது. அவன் கொளத்தூர், மாதவரம் என்று கிளம்புகிறான், அல்லது அதே தெருவிலேயே வாடகைக்கு வீடு தேடுகிறான். அம்மா பக்கத்தில் இருக்கிறாள், பிள்ளையைப் பார்த்துக்கொள்வாள் என்பதால் பலர் இரண்டாவதைத்தான் விரும்புகிறார்கள். பழைய வீட்டை இடித்துக் கட்டலாம் என்றால் பத்திரம் தாத்தா பெயரில், வாரிசுகள் ஒன்பது பேர்! இதற்கு மேல் 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்துவிட்டது. அண்ணா சாலையில் வேலை பார்ப்பவரும் இப்போது இங்கே வீடு கேட்கிறார்.

ராயபுரத்தில் எட்டு லட்சத்துக்குப் போகியத்துக்கு வீடு வருகிறது. நம்பிப் போகலாமா?

போகியம் என்றால் மொத்தப் பணத்தை முன்பே கொடுத்துக் குடியிருந்து, காலி செய்யும்போது திரும்ப வாங்குவது. வாடகை இல்லை என்பது பெரிய நிம்மதிதான். ஆனால் உரிமையாளர் அந்த வீட்டை ஏற்கெனவே வங்கியில் அடமானம் வைத்திருந்தால் உங்கள் எட்டு லட்சம் அந்தரத்தில் நிற்கும். கடன் கட்டாத வீடு ஏலத்துக்கு வந்து, போகியத்துக்கு இருந்தவர்கள் பரிதவிப்பதைத் தொழிலில் பார்த்திருக்கிறேன். வீட்டின் மேல் பதிவான அடமானம், விற்பனை எல்லாம் காட்டும் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள், மூலப்பத்திரத்தைக் கண்ணால் பாருங்கள், போகியப் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். வெறும் முத்திரைத்தாளில் எழுதிக்கொள்வது போதாது. காலி செய்யும்போது பணம் கைக்கு வந்த பிறகே சாவி.

புளியந்தோப்பில் வாரியக் குடியிருப்பில் இருக்கிறோம். இடித்துக் கட்டினால் பெரும்பாக்கம் அனுப்பிவிடுவார்களோ என்று பயம்.

நியாயமான பயம்தான் அம்மா. குடிசை மாற்று வாரியம் 1970-ல் தொடங்கியபோது, இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டித் தருவதுதான் வழக்கம். பிறகுதான் கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று நகரத்தின் தென்கோடிக்கு ஆயிரக்கணக்கில் அனுப்பினார்கள். விடியுமுன் காசிமேடு மீன் ஏலத்துக்குப் போகும் பெண் பெரும்பாக்கத்திலிருந்து எப்படி வருவாள்? வீடு கிடைத்தது, பிழைப்பு போனது. இதை மேம்பாடு என்று என்னால் சொல்ல முடியாது.

பழைய வாரியக் கட்டடத்தை இடித்தால் அதே இடத்தில் வீடு என்று எழுத்தில் வாங்குங்கள். ஒதுக்கீட்டு ஆணை உங்கள் பெயரில் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். பலரிடம் அது இறந்துபோன மாமனார் பெயரில்தான் இருக்கிறது.

திருவொற்றியூரில் தனி வீடு, மார்க்கெட் விலையில் பாதிக்குச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

அடிமனை யாருடையது என்று முதலில் கேளுங்கள். கோயில் இடம் என்றால் நீங்கள் வாங்குவது சுவர் மட்டும்தான். மண்ணுக்குக் கோயிலுக்கு வாடகை கட்டவேண்டும், வங்கிக் கடன் கிடைப்பதும் கஷ்டம். விலை பாதியாக இருப்பதற்கு அனேகமாக அதுதான் காரணம்.

மணலியில் புது அடுக்குமாடியில் தரைத்தளம் எடுக்கலாமா?

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை நின்றது என்று எதிர்வீட்டில் விசாரியுங்கள். முழங்கால் வரை என்றால் முதல் மாடிக்குப் போங்கள்.