4294967297 முதன்மை எண்ணா?

வணக்கம் சேர்,

திருகோணமலை உவர்மலையில் ஓ/எல் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். சுட்டிகள் பாடத்தில் 2, 4, 16, 256, 65536 என்று வர்க்கித்துக்கொண்டே போனோம். ஒவ்வொன்றோடும் 1ஐக் கூட்டினால் 3, 5, 17, 257, 65537. ஐந்துமே முதன்மை எண்கள் (பகா எண்கள்). அடுத்தது 4294967297. அதுவும் அப்படித்தானா என்று ஒரு மாணவி கேட்டாள். 100க்குக் கீழே உள்ள எல்லா முதன்மை எண்களாலும் வகுத்துப் பார்த்துவிட்டாள், எதிலும் மீதி வருகிறது. ஓம் என்று சொல்லிவிடலாமா?

அன்புத் தம்பி,

சொல்லிவிடாதீர்கள். அது 641 × 6700417.

உங்கள் மாணவி நினைத்ததைத்தான் 1640இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபெர்மாவும் நினைத்தார். இந்த வரிசை முழுவதும் முதன்மை எண்கள் என்று நம்பினார். 1732இல் சுவிஸ் கணிதவியலாளர் ஒயிலர் 641ஐக் கண்டுபிடித்ததும் அந்த நம்பிக்கை உடைந்தது. 65537க்கு அப்பால் இந்த வரிசையில் இன்னொரு முதன்மை எண் இன்றுவரை யாருக்கும் அகப்படவில்லை.

100 வரை போனது போதாது. காரணி இல்லை என்று அடித்துச் சொல்ல எண்ணின் வர்க்கமூலம் வரை, அதாவது 65536 வரை போகவேண்டும். அதற்குள் 6542 முதன்மை எண்கள் இருக்கின்றன. 641 அதில் 116ஆவது. மாணவி முதல் 25 முதன்மை எண்களை முடித்துவிட்டாள், இன்னும் கொஞ்சம் பொறுமை இருந்தால் தானே பிடித்திருப்பாள். அந்தப் பிள்ளையை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது.

ஒயிலர் காட்டிய வழி இன்னும் சுருக்கம். இந்த எண்ணின் எந்த முதன்மைக் காரணியை 64ஆல் வகுத்தாலும் மீதி 1தான் வரும். அப்படியானால் 65, 129, 193 என்று 64 கூட்டிக்கூட்டி எழுதி, முதன்மை அல்லாதவற்றை வெட்டிவிட்டால் மிஞ்சுவது 193, 257, 449, 577, 641. ஐந்தாவது வகுத்தலில் மீதி 0.

வகுக்காமலும் காட்டலாம். இதை வகுப்பில் கட்டாயம் செய்யுங்கள், அவ்வளவு அழகு. 640⁴ − 1 என்பதற்கு 640 + 1 ஒரு காரணி, எனவே அது 641ஆல் வகுபடும். 640 = 5 × 2⁷ என்பதால் 640⁴ = 5⁴ × 2²⁸. இன்னொரு பக்கம், 5⁴ + 2⁴ = 625 + 16 = 641. இதை 2²⁸ஆல் பெருக்கினால் 640⁴ + 2³². அதுவும் 641ஆல் வகுபடும். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழியுங்கள். 2³² + 1 வருகிறது, அதாவது நம்முடைய 4294967297.

சரி, 6700417ஐ மேலும் உடைக்கலாமா என்று அவள் கட்டாயம் கேட்பாள். அதன் காரணிகளுக்கும் அதே 64 விதிதான், 2588 வரை பார்த்தால் போதும். வழியில் இராமானுஜனின் 1729உம் வரும். அது 7 × 13 × 19, வெட்டிவிடலாம். 577 வரை ஏற்கெனவே மீதி வந்துவிட்டதால் மிச்சம் 641, 769, 1153, 1217, 1409, 1601, 2113. ஏழே வகுத்தல். கல்குலேட்டர் இல்லாமல் கொப்பியிலேயே செய்யச் சொல்லுங்கள்.