கடலில் நீந்தப் பயமா?

கேள்வி: வயது 41. ஓடுவேன், சைக்கிளும் ஓட்டுவேன். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லான் போட்டியில் சேர ஆசை. ஆனால் குளத்தில் மட்டுமே நீந்திப் பழக்கம். கடல் என்றால் பயம். என்னால் முடியுமா, அக்கா?
– ஒரு வாசகர், பட்டர்வொர்த்

பதில்: தாராளமாக முடியும், தம்பி. முதலில் ஸ்பிரிண்ட் தூரம் போதும்: 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். ஒலிம்பிக் தூரம் இதைப்போல் இரு மடங்கு. அதை அப்புறம் பார்க்கலாம்.

கடல் பயம் நியாயமானதுதான். குளத்தின் அடியில் கோடு தெரியும். பினாங்கின் பத்து ஃபிரிங்கி கடற்கரையில் தலையை முக்கினால் ஒரே கலங்கல். அதனால் சில கைவீச்சுக்கு ஒருமுறை கண்ணை மட்டும் நீர்மட்டத்துக்கு மேலே கொண்டுவந்து, வழி காட்டும் மிதவையைப் பாருங்கள். தலையை முழுசாகத் தூக்கினால் கால் தாழ்ந்துவிடும். மூச்சு முட்டினால் மல்லாந்து மிதக்கலாம். மிதவையைப் பிடித்து இளைப்பாறவும் விதி இடம் தருகிறது, அதை இழுத்து முன்னேறத்தான் கூடாது. இது தெரிந்த பிறகுதான் என் படபடப்பே அடங்கியது. பினாங்குக் கடலில் ஜெல்லிமீன் உண்டு. பயிற்சிக்குத் தனியாக இறங்கவே இறங்காதீர்கள்.

கரையேறியதும் ஹெல்மெட் வாரை மாட்டிவிட்டுத்தான் சைக்கிளைத் தொட வேண்டும். ஈரக் கையோடு வீட்டு வாசலிலேயே பழகுங்கள்.

சைக்கிளை விட்டு இறங்கியதும் தொடை கல்லாய்க் கனக்கும். நான் தெலுக் பகாங் வரை ஓட்டிவிட்டு வந்து, சைக்கிளைச் சாத்திய கையோடு ஓடக் கிளம்பிவிடுவேன். வாரம் ஒருநாள் அப்படிச் செய்யுங்கள், கால் பழகிவிடும். பெயர் கொடுக்குமுன் டாக்டரிடம் ஒருமுறை நெஞ்சைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.