காரில்லாமல், தனியாக வெளியே இரவுச் சாப்பாடு: திட்டத்தைத் திரும்பும் வழியிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: அலுவலக வேலையாகப் பழக்கமில்லாத ஒரு நகரத்தில் சில நாட்கள் தனியாகத் தங்கப் போகிறேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. தினமும் அறைக்கே வரவழைத்துச் சாப்பிட மனமில்லை. இரவில் வெளியே போய் நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டு, சிக்கலில்லாமல் திரும்ப எப்படித் திட்டமிடுவது?

பதில்: பலரும் முதலில் உணவகத்தைத் தேர்ந்தெடுப்பார்கள், பிறகு போகும் வழியைப் பார்ப்பார்கள். திரும்புவதைப் பற்றிய யோசனை பில் வந்த பிறகுதான் வரும். காரில்லாதவர் இந்த வரிசையை அப்படியே மாற்றிப் போட வேண்டும். போகும்போது வெளிச்சம், அடுத்தடுத்து பஸ், போனில் சார்ஜ் எல்லாம் இருக்கும். திரும்பும்போது மூன்றுமே குறைந்திருக்கும். ஆகவே எத்தனை மணிக்கு, எந்த வழியாக அறைக்கு வர முடியும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அந்த வழியில் இருக்கும் உணவகங்களிலிருந்து மட்டும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

நடந்து திரும்புவதாக இருந்தால் 15 நிமிட நடையை எல்லையாக வைத்துக்கொள்ளலாம். சாதாரண நடைக்கு அது சுமார் 1.2 கி.மீ. வரைபடத்தில் கண்ணுக்குப் பக்கமாகத் தெரிவதை நம்ப வேண்டாம். நடுவில் ஒரு ரயில் பாதையோ ஆறோ வேகச்சாலையோ இருந்தால், 500 மீட்டர் தூரம் 2 கி.மீ. சுற்றாகிவிடும். போனின் வரைபடச் செயலியில் நடந்து செல்லும் முறையைத் தேர்ந்தெடுத்து, உணவகத்திலிருந்து அறைக்கு என்று வழி தேடிப் பாருங்கள். செயலி நேரத்தை மிச்சப்படுத்தும் வழியைத்தான் முதலில் காட்டும். அது பூங்காவுக்குள்ளோ கிடங்குகளுக்குப் பின்னாலோ போகலாம். கூடுதலாக ஐந்து நிமிடம் ஆனாலும் கடைகள் இருக்கும் பெரிய சாலையே இரவுக்கு நல்லது. செயலியில் தெருவை நேரில் பார்ப்பதுபோலக் காட்டும் சாலைப் படங்கள் பெரும்பாலும் பகலில் எடுத்தவை. அதனால் அவற்றில் விளக்குக் கம்பம் இருக்கிறதா, நடைபாதை தொடர்ச்சியாக இருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள்.

பஸ், மெட்ரோ என்றால் பிழை நேரும் இடம் ஒன்றுதான். செயலி இந்த நிமிடத்துக்கான வண்டிகளைக் காட்டும். நீங்கள் பார்க்க வேண்டியது இரவு பத்து மணிக்கு என்ன இருக்கிறது என்பதை. புறப்படும் நேரத்தையும் தேதியையும் மாற்றித் தேடுங்கள். வார இறுதிக்கும் விடுமுறை நாட்களுக்கும் அட்டவணை வேறாக இருப்பது வழக்கம். வழியில் வண்டி மாற வேண்டியிருந்தால், முதல் தடத்தின் கடைசி வண்டியைப் பிடித்தாலும் பயனில்லாமல் போகலாம். இரண்டாவது தடத்தின் கடைசி வண்டி எப்போது என்று பார்த்து, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். கடைசி வண்டியை நம்பாமல், அதற்கு இரண்டு வண்டி முன்பாகவே ஏறுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும் பஸ் நிற்கும் இடம் எதிர்ப்புறத்தில் இருக்கும். ஒருவழிச் சாலையானால் அடுத்த தெருவில் இருக்கும். போய் இறங்கியதுமே, உணவகத்துக்குள் நுழைவதற்கு முன்பே, அந்த நிறுத்தத்தைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். இரண்டு நிமிட வேலை. இரவில் அரை மணி நேர அலைச்சலை மிச்சப்படுத்தும்.

இப்போது உணவகத்துக்கு வருவோம். கடை அடைக்கும் நேரமும் அடுப்பு அணையும் நேரமும் ஒன்றல்ல. பல இடங்களில் அடைப்பதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே ஆர்டர் எடுப்பதை நிறுத்திவிடுவார்கள். மதியத்துக்கும் இரவுக்கும் நடுவில் மூடும் இடங்களும் உண்டு. போன் செய்து மூன்றே கேள்வி கேளுங்கள்: இன்று திறந்திருக்கிறதா, கடைசி ஆர்டர் எத்தனை மணிக்கு, ஒருவருக்கு இடம் கிடைக்குமா. இணைய முன்பதிவில் குறைந்தது இரண்டு பேர் என்று காட்டினால், தனியாக வருபவரை மறுக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். இரண்டு பேர் அமரும் டேபிளை நிரப்புவதற்காக வைத்த அமைப்பு அது. நேரில் போனாலோ போனில் கேட்டாலோ பெரும்பாலும் இடம் தருவார்கள். கவுண்டர் ஓரமாக இருக்கை உள்ள இடங்கள் தனி ஆளுக்கு மிகவும் வசதி. முன்பதிவு நிரம்பிய நாளிலும் அங்கே ஓர் இருக்கை காலியாக இருக்க வாய்ப்பு அதிகம், சர்வரும் கண்ணெதிரே இருப்பார். திறந்த முதல் அரை மணிக்குள் போய்விடுங்கள். அந்த நேரத்தில் டேபிளை அடுத்தவருக்காகக் காலி செய்யச் சொல்லும் அவசரம் அவர்களுக்கு இருக்காது, உங்களுக்கும் திரும்பும் வண்டிக்குப் போதிய நேரம் மிஞ்சும்.

மெனுவை முன்கூட்டியே பாருங்கள். விமர்சனங்களைப் புதியது முதலில் வரும்படி வரிசைப்படுத்தி, சமீபத்திய படங்களில் தட்டின் அளவைக் கவனியுங்கள். பகிர்ந்து சாப்பிடும் அளவில் மட்டுமே பரிமாறும் இடம் தனி ஆளுக்குப் பொருந்தாது. பாதி அளவு கிடைக்குமா என்று கேளுங்கள், கிடைக்காவிட்டால் ஒரு பதார்த்தம் வந்த பிறகு அடுத்ததைச் சொல்லுங்கள். மீந்ததைப் பார்சல் கட்டினால், சமைத்த உணவு வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பதை மறக்க வேண்டாம். 32 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெயில் என்றால் ஒரு மணி நேரம்தான். அறையில் குளிர்பதனப்பெட்டி இல்லையென்றால் பார்சலே வேண்டாம். ஒவ்வாமை உள்ளவர்கள் அதை உள்ளூர் மொழியில் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு நேராகக் காட்டுவது நல்லது.

போன்தான் உங்கள் வழிகாட்டி, பணப்பை, வண்டி எல்லாமே. அது அணைந்துபோனால் எல்லாம் ஒன்றாகப் போய்விடும். கூகுள் மேப்ஸில் வரைபடத்தைத் தரவிறக்கி வைத்தால் போதும் என்று நினைப்பவர்கள் பலர். இணையம் இல்லாதபோது அது கார் வழியை மட்டுமே சொல்லும். நடைவழியோ பஸ், ரயில் வழியோ சொல்லாது. அதனால் திரும்பும் வழியை அறையிலிருந்து கிளம்பும்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். தங்குமிடத்தின் பெயரும் முகவரியும் உள்ளூர் எழுத்தில் அச்சான அட்டை ஒன்றும் சட்டைப்பையில் இருக்கட்டும். பவர் பேங்க் எடுத்துப் போகிறீர்கள் என்றால், 10,000 எம்ஏஎச் என்று போட்டிருந்தாலும் மின்னழுத்தம் மாறுவதில் ஏற்படும் இழப்பு போக 6,000 முதல் 6,500 வரைதான் போனுக்குப் போய்ச் சேரும். ஓர் இரவுக்கு அது தாராளம். கேபிளை மறந்துவிடாதீர்கள்.

வெளிநாடு என்றால், கார்டு இயந்திரம் எந்த நாணயத்தில் செலுத்துகிறீர்கள் என்று கேட்கும்போது உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். உங்கள் நாட்டு நாணயத்தைத் தேர்ந்தால் மாற்று விகிதத்தைக் கடைப்பக்கம் முடிவு செய்யும், அது பெரும்பாலும் உங்களுக்குக் கூடுதல் செலவு. கார்டு வேலை செய்யாத நிலைமைக்காக டாக்சிக் கட்டணத்துக்குப் போதுமான ரொக்கம் தனியாக இருக்க வேண்டும்.

கடைசியில் வாடகை வண்டிதான் என்றால், பில்லைக் கட்டிய பிறகு, உணவகத்துக்கு உள்ளே இருந்தபடியே பதிவு செய்யுங்கள். வண்டி வாசலுக்கு வந்த பிறகு வெளியே வந்தால் போதும். உயரமான கட்டடங்களுக்கு நடுவே ஜிபிஎஸ் சமிக்ஞை சுவர்களில் பட்டுத் திரும்புவதால் செயலியில் நீங்கள் இருக்கும் இடத்தைக் காட்டும் புள்ளி பின்தெருவில் விழலாம். புள்ளியைக் கையால் வாசலுக்கு நகர்த்தி வையுங்கள். வண்டி எண்ணைச் சரிபாருங்கள். உங்கள் பெயரை நீங்கள் சொல்லாமல், யாருக்காக வந்திருக்கிறீர்கள் என்று ஓட்டுநரிடம் கேளுங்கள். மழையிலும், விளையாட்டோ கச்சேரியோ முடிந்து கூட்டம் வெளியேறும் வேளையிலும் கட்டணம் எகிறும். அருகில் அப்படி ஏதாவது நடக்கிறதா என்று மாலையிலேயே பார்த்துவிட்டால், அது முடிவதற்குள் கிளம்பிவிடலாம்.

சாப்பிடும்போது பையை நாற்காலி முதுகில் மாட்டாதீர்கள். வாரை நாற்காலிக் காலிலோ உங்கள் காலிலோ சுற்றி, பையைக் கீழே வையுங்கள். கழிவறைக்குப் போகும்போது போனும் பையும் கூடவே வர வேண்டும். எழுவதற்கு முன் சர்வரிடம் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் கிளம்பிவிட்டீர்கள் என்று டேபிளைத் துடைத்துவிடுவார்கள்.

ஊருக்குப் போய்ச் சேரும் முதல் இரவுக்கு மட்டும் இவ்வளவு திட்டம் வேண்டாம். களைப்பும் புது இடமும் சேர்ந்தால் வழி பிசகும். அன்று தங்குமிடத்திலிருந்து ஐந்து நிமிட நடைக்குள் இருக்கும் ஓரிடத்தில் சாப்பிடுங்கள். அங்கிருக்கும் பஸ் நிறுத்தத்தையும் இரவு வெகுநேரம் திறந்திருக்கும் கடை ஒன்றையும் பார்த்து வையுங்கள். மற்ற நாட்களில் தாமதமாகித் திட்டம் கலைந்தால், உங்களுக்குச் சாப்பாடு கிடைப்பது அந்தக் கடையில்தான்.