சூரியத் தொலைநோக்கியில் படரும் மங்கல்

கேள்வி: ஹைட்ரஜன் ஆல்ஃபா ஒளியில் சூரியனைக் காட்டும் சிறிய தொலைநோக்கி ஒன்றைப் பிறரிடமிருந்து வாங்கினேன். இப்போது காட்சி மிகவும் மங்கிவிட்டது. டார்ச் அடித்துப் பார்த்தால், கண்ணருகு வில்லைக்கு முன்னுள்ள ஒரு வடிகட்டியில் துருப்பிடித்தாற்போல் புள்ளிகள் தெரிகின்றன. ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கலாமா? அதைக் கழற்றிவிட்டுப் பார்க்கலாமா?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: இரண்டும் கூடாது, இரண்டாவதை நினைத்தும் பார்க்க வேண்டாம்.

இவ்வகைத் தொலைநோக்கியில் ஹைட்ரஜன் ஆல்ஃபா எனும் சிவப்பொளியை, அதாவது 656.28 நானோமீட்டர் அலைநீளத்தை, பிரித்தெடுப்பது எட்டலான் என்னும் உறுப்பு. ஆனால் அது அந்த ஒன்றை மட்டுமன்றி, சீரான இடைவெளியில் வேறு பல அலைநீளங்களையும் கடத்திவிடும். அவற்றையும், அகச்சிவப்பு, புறஊதாக் கதிர்களையும் தடுப்பதற்காகவே துணை வடிகட்டிகள் உள்ளே வைக்கப்படுகின்றன. அவற்றுள் ஒருவகை, மெல்லிய வெள்ளிப் படலத்தை மின்கடத்தாப் பொருள்களின் அடுக்குகளுக்கு இடையே வைத்துச் செய்யப்படுவது. ஓரத்து ஒட்டுப்பசை வழியே ஈரம் கசிந்தால், பழைய நிலைக்கண்ணாடியில் ரசம் போவதைப் போல அந்தப் படலம் விளிம்பிலிருந்து உள்நோக்கிக் கெடத் தொடங்கும். நீங்கள் காண்பது பெரும்பாலும் இதுவே. கெடுதல் அடுக்குகளுக்கு உள்ளே நிகழ்வதால் மேலே துடைத்துப் பயனில்லை. மென்மையான பூச்சாக இருந்தால் ஸ்பிரிட் அதை மேலும் உரித்துவிடவும் கூடும்.

காட்சி மங்கியிருப்பதால் கண்ணுக்குப் பாதுகாப்பு கூடியிருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. கண்ணுக்குத் தெரியும் சிவப்பொளி குறைந்திருப்பதைக் கொண்டு, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு எவ்வளவு வருகிறது என்று சொல்ல முடியாது. விழித்திரையில் வலி உணரும் நரம்புகள் இல்லாததால், பாதிப்பு நேரும்போது உங்களுக்குத் தெரியவும் தெரியாது. ஆகவே, அதே வேலையைச் செய்யும் புதிய வடிகட்டியைத் தயாரிப்பாளரிடமோ இத்துறை அறிந்த பழுதுபார்ப்பவரிடமோ பொருத்திக்கொள்ளும் வரை அக்கருவியைச் சூரியன் பக்கம் திருப்ப வேண்டாம். அயனிக் கற்றையின் துணையோடு ஆக்சைடுகளைப் படியவைத்த கடினப் பூச்சு கிடைத்தால், விலை கூடினாலும் அதையே வாங்குங்கள். கடற்கரை ஊருக்கு அதுதான் தாங்கும்.

எட்டலானின் இசைவு பிசகினாலும் சூரியப் பரப்பின் நுணுக்கங்கள் மறையும்; ஆனால் அப்போது வட்டத்தின் வெளிச்சம் பெரிதாகக் குறைவதில்லை. வெளிச்சமே குறைந்து, சுற்றிலும் பால்போன்ற ஒளி படர்ந்தால் பூச்சைத்தான் ஐயுற வேண்டும். புதிய வடிகட்டி வந்தபின், கருவியைச் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப் புகாத பெட்டியில் வையுங்கள். ஏசி அறையிலிருந்து நேரே வெளியே கொண்டுவந்து திறந்தால் கண்ணாடியில் ஈரம் படியும். வெளிவெப்பத்துக்குப் பழகும் வரை பெட்டியை மூடியே வைத்திருங்கள்.

கேள்வி: சாதாரணத் தொலைநோக்கியின் முகப்பில் மாட்டும் உலோகப் பூச்சுத் தாளில் சுருக்கங்கள் விழுந்துள்ளன. மாற்ற வேண்டுமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: சுருக்கத்தால் தீங்கில்லை, தளர்வாக இருப்பதே நல்லது. பார்க்க வேண்டியது துளைகளையும் கீறல்களையுமே. நேரடிப் பார்வைக்கான தாள் சூரிய ஒளியில் ஏறத்தாழ 1,00,000-இல் ஒரு பங்கையே விடுவதால், சிறு கிழிசலும் அந்தக் கணக்கைக் குலைத்துவிடும். ஒவ்வொரு முறையும் மாட்டுவதற்கு முன் பிரகாசமான விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஒளிப்புள்ளி தெரிந்தால் மார்க்கர் மையால் ஒட்டுப்போடாமல் புதுத்தாள் வாங்கிவிடுங்கள்.