அப்பாயியின் பிறந்தநாளுக்கு எந்தப் படம்?

கேள்வி: என் மாமியாருக்கு வரும் டிசம்பரில் 80 வயது நிறைகிறது. ஏற்காட்டில் உறவினர் ஒருவரின் காபித் தோட்ட வீட்டில் குடும்பமாக இரண்டு நாள் தங்கப்போகிறோம். அத்தை அந்தக் காலத்துத் தொடர்கதைப் பைத்தியம். அவர் படித்த காதல் நாவல் ஏதாவது ஒன்றிலிருந்து எடுத்த பழைய படத்தை புரொஜெக்டரில் போட்டுக் காட்டலாம் என்று நினைத்தேன். கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்கும் என் மகள், "புத்தகம் நிக்கும்மா, படம் நிக்காது. பத்து வருஷத்துல அது காமெடி ஆயிடும். அப்பாயி அழுவாங்க, நாங்க சிரிப்போம், உனக்கு இது தேவையா?" என்கிறாள். போன வாரம் 'தேவதாஸ்' பார்க்க உட்கார்ந்தவள் பாதியில் எழுந்து போய்விட்டாள். அவள் சொல்வது சரியா? எந்தப் படம் போடலாம்?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, செவ்வாய்ப்பேட்டை, சேலம்.

அன்புள்ள சகோதரிக்கு,

படத்தின் பெயரை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 'தில்லானா மோகனாம்பாள்'. மற்றதெல்லாம் உங்கள் மகளுக்காக எழுதுவது. இந்தப் பக்கத்தை அவளிடமே கொடுத்துவிடுங்கள்.

அவள் 'தேவதாஸ்' பார்க்காமல் எழுந்து போனதில் எனக்கு வருத்தமில்லை. பழி முழுவதையும் படத்தின் தலையில் போடுவதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை. சரத்சந்திரரின் அந்த நாவல் வெளிவந்தது 1917-ல். வேறொருவரோடு கல்யாணம் நிச்சயமான பார்வதியைத் தேவதாஸ் தூண்டில் கோலால் நெற்றியில் அடித்துத் தழும்பு உண்டாக்குகிறான். அந்தத் தழும்பைக் கதை ஏறக்குறைய காதல் பரிசாகவே நடத்துகிறது. இது புத்தகத்தில் இருப்பது. 1953-ல் நாகேஸ்வர ராவும் சாவித்திரியும் நடித்துத் தமிழிலும் தெலுங்கிலும் வந்த படம் அந்தக் கதையைத்தான் கையில் வாங்கிக்கொண்டது. 'புத்தகம் நிக்கும்' என்கிறவள் அந்த அத்தியாயத்தை ஒரு தடவை படித்துவிட்டு வரட்டும். இன்றைய கல்லூரிப் பெண்ணுக்குப் பொறுக்காத விஷயம் அச்சிலும் அப்படியேதான் உட்கார்ந்திருக்கிறது. என்னைக் கேட்டால், அந்தப் படத்தில் சாவித்திரியின் முகமும் கண்டசாலாவின் குரலும் இன்னும் கெடவில்லை. குடித்தே அழியும் ஆளுக்காக இரண்டு பெண்கள் உருகும் பின்பாதியில் எனக்கும் பொறுமை போய்விடுகிறது.

சரி, பழைய படங்களில் எது முதலில் ஊசிப்போகிறது? கறுப்பு வெள்ளையைக் குறை சொல்கிறார்கள், மெதுவாக நகர்கிறது என்கிறார்கள். எனக்கு அது இரண்டும் பெரிதாகத் தெரியவில்லை. படம் என்பது அந்த வருஷத்து டிக்கெட் வாங்கியவர்களுக்காக எடுக்கப்படுவது. அவர்களைச் சந்தோஷப்படுத்த வெளியிலிருந்து ஒட்டியதுதான் முதலில் உதிர்கிறது. கதையோடு சம்பந்தமில்லாத காமெடி, பெண் எப்படி இருக்க வேண்டும் என்று கதாநாயகன் எடுக்கும் வகுப்பு, திடீரென்று கொட்டும் தாய்ப்பாசம், இப்படி. நாவல்களிலும் இந்தச் சமாச்சாரம் உண்டு. என்ன, வாசகர் மூன்று பக்கத்தைத் தள்ளிவிட்டுப் போய்விடுவார். தியேட்டரில் உட்கார்ந்தவரால் அது முடியாது. புத்தகம் நிற்பதுபோலத் தெரிவதற்கு நம் கட்டை விரலும் ஒரு காரணம்.

'இருவர் உள்ளம்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். லட்சுமியின் 'பெண் மனம்' நாவல், 1963-ல் எல்.வி. பிரசாத் இயக்கத்தில், கருணாநிதி வசனத்தில் வந்தது. சிவாஜி பெண்பித்தராகப் பெயரெடுத்த பணக்காரர். அவரைக் கண்டாலே பிடிக்காத சரோஜாதேவியை வீட்டார் வற்புறுத்தி அவருக்கே கட்டிவைக்கிறார்கள். பிடிவாதமாகத் துரத்தினால் பெண் மனசு மாறும் என்ற நம்பிக்கையை இன்றைக்குத் திரையில் பார்க்கும்போது நெளியத்தான் வேண்டியிருக்கிறது. ஆனால் கல்யாணமாகி வந்த வீட்டில் அந்தப் பெண்ணுக்கு இருக்கும் கோபம் துளி கூடப் பழசாகவில்லை. ஒரு பெண், அதுவும் டாக்டராக இருந்த பெண், எழுதிய கதை என்பது அங்கே தெரிகிறது. பிறந்தநாளுக்கு வேண்டாம். நீங்களும் மகளும் மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாருங்கள். சண்டை வந்தாலும் நல்ல சண்டையாக இருக்கும்.

இப்போது 'தில்லானா'வுக்கு வருகிறேன். கொத்தமங்கலம் சுப்பு 'கலைமணி' என்ற பெயரில் ஆனந்த விகடனில் 1950-களில் எழுதிய தொடர், ஓவியர் கோபுலுவின் சித்திரங்களோடு வந்தது. ஏ.பி. நாகராஜன் அதை 1968-ல் படமாக்கினார். சிக்கல் சண்முகசுந்தரம் நாதஸ்வரக்காரன், திருவாரூர் மோகனா ஆட்டக்காரி. இந்தக் காதல் போட்டியில் தொடங்குகிறது, இதுதான் அதன் பலம். அவன் வாசிப்பு பெரிதா, அவள் ஆட்டம் பெரிதா என்பதுதான் இருவருக்கும் உள்ள வழக்கு. இரண்டு பேருக்கும் தொழில் இருக்கிறது, கர்வம் இருக்கிறது. அவளுக்குப் பின்னால் இன்னொரு பயமும் இருக்கிறது: பணக்காரர்களுக்குப் பெண்ணைக் கைகாட்டிவிடும் வைத்தி, அதற்குத் தலையாட்டும் அம்மா. தேவதாசிக் குலத்தில் பிறந்த ஆட்டக்காரிக்கு ஒருவனையே நினைத்திருப்பது எத்தனை பெரிய எதிர்ப்பு என்பதைப் படம் பிரசங்கம் செய்யாமலே சொல்லிவிடுகிறது.

நாகேஷின் வைத்தியும் மனோரமாவின் ஜில் ஜில் ரமாமணியும் நாவலிலேயே இருப்பவர்கள், கதைக்குள் வேலை செய்கிறவர்கள். அதனால்தான் அந்தச் சிரிப்பு இன்னும் உதிரவில்லை. ரயில் பெட்டியில் அம்மாக்காரியை வைத்துக்கொண்டே சிவாஜியும் பத்மினியும் பார்வையால் பேசிக்கொள்ளும் காட்சியில் உங்கள் மகள் சிரிப்பாள். அது அப்பாயியும் சேர்ந்து சிரிக்கும் இடம்.

அப்புறம், காகிதத்தால் முடியாத ஒரு காரியத்தை இந்தப் படம் செய்கிறது. எழுத்தில் எத்தனை வர்ணித்தாலும் நாயனம் கேட்காது. படத்தில் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்திருக்கிறார்கள். சிவாஜி கன்னம் உப்புவதையும் விரல் நகர்வதையும் பார்த்தால் அவரே வாசிக்கிறார் என்றுதான் தோன்றும். கத்திக் காயத்திலிருந்து தேறி வந்தவன் வாசிக்க உட்கார்கிறான். ஊரே பார்த்துக்கொண்டிருக்க, அவனிடம் நேராக ஒரு வார்த்தை பேச அவளுக்கு வழியில்லை. கேட்க வேண்டியதை 'நலந்தானா' பாட்டில் வைத்து ஆடிக்கொண்டே கேட்கிறாள். அவன் நாயனத்திலேயே பதில் சொல்கிறான். பக்கத்தில் தவிலோடு பாலையா; அந்த முகத்தையும் விடாமல் பாருங்கள்.

குறையே இல்லையா என்றால், உண்டு. சண்முகசுந்தரத்தின் சந்தேகபுத்தி எரிச்சல் ஊட்டும். மோகனா எத்தனை முறைதான் தன்னை நிரூபிப்பாள் என்று மகள் கேட்பாள். கேட்கட்டும். அவன் கோபக்காரன், முரடன் என்று படத்தில் இருப்பவர்களே சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். தேவதாஸின் கோலை மன்னிக்கச் சொல்லும் கதை மாதிரி இது இல்லை.

உங்கள் மகளுக்குப் பிடித்த படம் எது என்று நீங்கள் எழுதவில்லை. ஆங்கில இலக்கியம் படிக்கிற பெண் என்றால், 2005-ல் வந்த 'பிரைடு அண்ட் பிரெஜுடிஸ்' அவள் போனில் இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். அதில் டார்சி, எலிசபெத்தைக் கைகொடுத்து வண்டியில் ஏற்றிவிட்டுத் திரும்பி நடப்பான். கேமரா அவன் கையை மட்டும் காட்டும். விரல்கள் ஒரு தடவை விரிந்து மடங்கும், அவ்வளவுதான். ஜேன் ஆஸ்டின் 1813-ல் வெளியிட்ட நாவலில் அந்த விரல்கள் கிடையாது, படம் சேர்த்தது. ஆனால் நாவல் சொல்லாமல் விட்ட அவன் மனசு அந்த ஒரு நொடியில் தெரிந்துவிடுகிறது. ஒட்டவைத்ததெல்லாம் உதிரும் என்று மேலே சொன்னேனே, இது ஏன் உதிரவில்லை? கதைக்குள்ளிருந்தே எடுத்தது, அதனால்தான். அதற்கும் இருபது வயது தாண்டிவிட்டது. பத்து வருஷத்தில் காமெடி ஆகிவிடும் என்ற கணக்கு அங்கேயே இடிக்கிறதே, அதையும் அவளிடம் கேளுங்கள்.

அதே ஆஸ்டினின் 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' கதையைத்தான் ராஜீவ் மேனன் 2000-ல் 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' என்று எடுத்தார். அதில் அஜித் சினிமா எடுக்க அலையும் பகுதி இன்று கொஞ்சம் வெளிறித் தெரிகிறது. வீட்டை இழந்து அம்மாவும் பெண்களும் ஊரைவிட்டுக் கிளம்புவது மட்டும் இன்னும் சுடுகிறது. 1811-ல் வெளிவந்த இங்கிலாந்துக் கதை காரைக்குடிப் பக்கம் இத்தனை எளிதாகக் குடியேறியதற்குக் காரணம் சொத்து. அங்கே பெண்களுக்குப் பங்கில்லை. இங்கேயும் பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 1989-ல்தான், அதுவும் அதற்கு முன்பே கல்யாணமானவர்களுக்கு அப்போது கிடைக்கவில்லை, 2005-ல் மத்தியச் சட்டம் திருத்தப்பட்ட பிறகுதான் அவர்களுக்கும் வந்தது. உங்கள் குடும்பக் கூட்டத்தில் இந்தப் படத்தைப் போட்டால் பேச்சு எங்கே போகும் என்று யோசித்துக்கொண்டு போடுங்கள்.

'பொன்னியின் செல்வன்' போடலாம் என்று யாராவது சொல்வார்கள். இரண்டு பாகமும் 2022, 2023-ல் வந்தவை. நிற்குமா என்று இப்போதே கேட்டால் என்ன சொல்வது? இன்னும் கொஞ்சம் வருஷம் போகட்டும்.

மலைக்குப் போகிற வழியில் ஒரு வேலை. ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் முகப்பு வளைவு இருக்கிறதல்லவா, அங்கே வண்டியை ஐந்து நிமிஷம் நிறுத்துங்கள். டி.ஆர். சுந்தரத்தின் அந்த ஸ்டுடியோவிலிருந்து 1950-ல் 'மந்திரி குமாரி' வந்தது. எல்லிஸ் டங்கனும் சுந்தரமும் இயக்கம், கருணாநிதி வசனம். கதைக் கரு குண்டலகேசியிலிருந்து எடுத்தது. நாவல் இல்லை, காப்பியம். இருந்தாலும் உங்கள் மகளின் கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான சாட்சி கிடைக்காது. காதலித்துக் கட்டிய புருஷன் தன்னை மலையுச்சியிலிருந்து தள்ளிக் கொல்லவே கூட்டி வந்திருக்கிறான் என்று படத்தின் நாயகிக்குத் தெரிகிறது. சாவதற்கு முன் உங்களைச் சுற்றி வந்து கும்பிட்டுக்கொள்கிறேன் என்கிறாள். சுற்றி வந்து அவனையே தள்ளிவிடுகிறாள். மாதுரி தேவியும் எஸ்.ஏ. நடராஜனும் நடித்த காட்சி. அதற்கு முன்னால் வரும் 'வாராய் நீ வாராய்' பாட்டைத் திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடியிருக்கிறார்கள். எத்தனை இனிமையான பாட்டு, எத்தனை பயங்கரமான அழைப்பு! பெண்கள் அடி வாங்கிக்கொண்டே இருப்பதுதான் பழைய படம் என்று நினைக்கிற பெண்ணுக்கு அந்தப் பாட்டையும் அடுத்து வரும் இரண்டு நிமிஷத்தையும் காரிலேயே போட்டுக் காட்டுங்கள். இன்னொன்று, குண்டலகேசி நூல் நமக்கு முழுசாகக் கிடைக்கவில்லை, கொஞ்சம் பாடல்கள்தான் மிச்சம். புத்தகம் போய்விட்டது, படம் இருக்கிறது.

வீட்டு ஆண்கள் எம்.ஜி.ஆர். படம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் இரண்டாம் நாள் 'மலைக்கள்ளன்' போடலாம். நாமக்கல் கவிஞரின் நாவல், படம் 1954-ல் வந்தது. நாமக்கல் 1997 வரை நம் சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது என்பதால் ஊர்ப் பெருமையும் சேர்த்தி.

மகளிடம் 'அப்பாயி முன்னால் சிரிக்காதே' என்று மட்டும் சொல்லிவைக்காதீர்கள். வாயை மூடிக்கொண்டு மரியாதைக்கு உட்கார்ந்திருக்கும் பேத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எந்தப் பாட்டியாலும் படம் பார்க்க முடியாது. அவள் சிரிக்கட்டும், கேள்வி கேட்கட்டும். 'தில்லானா' நாவல் இரண்டு பாகம், படம் ஏறக்குறைய மூன்று மணி நேரம், ஆகவே விட்டுப்போனது நிறைய. எதை விட்டுவிட்டார்கள் என்று அத்தையைக் கேட்டால் அன்றைக்கு முழுக்க அவர்தான் பேசுவார். அந்தக் காலத்தில் வாராவாரம் தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைப்பது வழக்கம். அப்படி ஏதாவது பரணில் கிடக்கிறதா என்று கிளம்புவதற்கு முன் பாருங்கள். இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

படத்தை ராத்திரிக்கு வைக்காதீர்கள். டிசம்பர் குளிரில் எட்டு மணிக்கே எல்லோரும் கம்பளிக்குள் போய்விடுவார்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஜன்னலுக்குக் கனமான துணி கட்டித் தொடங்குங்கள், நடுவில் காபிக்கு நிறுத்திக்கொள்ளலாம். புரொஜெக்டரோடு வரும் சின்ன ஸ்பீக்கரில் நாயனத்தைக் கேட்டால் ஊதுகுழல் மாதிரி இருக்கும், அதனால் நல்ல ஸ்பீக்கர் ஒன்றை வாடகைக்காவது எடுத்துப் போங்கள். மலையில் காற்றடித்து சில்வர் ஓக் கிளை ஒன்று கம்பிமேல் விழுந்தால் போதும், கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. தோட்ட வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதா, அது புரொஜெக்டரைத் தாங்குமா என்று உறவினரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள்.