குறைந்த அளவு மெத்தோட்ரெக்சேட் சாப்பிட்டால் ஈரல் கெட்டுவிடுமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: அம்மாவுக்கு 58 வயது, சரவாங்கி (மூட்டுகளைத் தாக்கும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) என்று சொல்லி வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட் 10 மி.கி. எழுதியிருக்கிறார்கள். குறைந்த அளவுதான், பயப்பட வேண்டாம் என்கிறார் டாக்டர். லிவர் போய்விடும் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். கொடுக்கலாமா?

நான் டாக்டர் இல்லை. ஒன்பது வருடமாகச் சனிக்கிழமை இரவுதோறும் இதே மாத்திரையை விழுங்கிக்கொண்டிருப்பவள். இப்போது 15 மி.கி. ஈரல் பத்திரமாக இருக்கிறது. நடுவில் ஒரு தடவை மட்டும், ஈரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. என்ற என்சைம் ரத்தத்தில் 112க்குப் போய் வயிற்றில் புளியைக் கரைத்தது. அந்தக் கதையிலேயே உங்கள் கேள்விக்குப் பாதி பதில் இருக்கிறது.

2021, கொரோனா இரண்டாம் அலை. எங்கள் வீட்டில் மாமியார் தினமும் காலையில் சீந்தில் பொடியை வெந்நீரில் கொதிக்கவிட்டு ஆளுக்கு அரை டம்ளர் கொடுப்பார். கசப்பு தாங்காது, கூடவே ஒரு துண்டு வெல்லம். எதிர்ப்புச் சக்தி கூடும் என்று நாலு மாதம் குடித்தேன். ஊரடங்கைச் சாக்கு வைத்து ரத்தப் பரிசோதனையையும் தள்ளிப்போட்டிருந்தேன். கடைசியில் லேபுக்குப் போனால் 40க்குள் இருக்க வேண்டிய இடத்தில் 112 என்று கொட்டை எழுத்தில் அச்சாகி வந்தது. உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை. காமாலை இல்லை, வாந்தி இல்லை, பசி நன்றாகவே இருந்தது.

"வேற என்ன மருந்தும்மா சாப்பிடுறீங்க?" என்று டாக்டர் கேட்டார். "ஒண்ணும் இல்லை சார்" என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர், "காலையில அந்தக் கசாயம் குடிக்கிறியே" என்றார். சத்தியமாக நான் மறைக்கவில்லை. அடுப்படியில் கொதிப்பதை மருந்துக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

அடுத்த கேள்வி, ரத்தம் கொடுத்தது என்றைக்கு? திங்கள் காலை. மாத்திரை போட்டது சனி இரவு. இந்த மாத்திரை போட்ட ஓரிரு நாளில் ஈரல் என்சைம்கள் கொஞ்சம் ஏறி இறங்குவது உண்டாம். அதனால் அடுத்த மாத்திரைக்கு முந்தின நாளோ அன்று காலையிலோதான் ரத்தம் கொடுக்க வேண்டும். இதை அதுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சீந்தில் அன்றோடு நின்றது. மெத்தோட்ரெக்சேட்டையும் டாக்டர் நிறுத்திவைத்து, இரண்டு வாரம் கழித்துச் சனிக்கிழமை காலையில் ரத்தம் கொடுக்கச் சொன்னார்: 58. இன்னொரு மாதத்தில் 34. அப்புறம் மாத்திரை மறுபடி தொடங்கியது, இன்றுவரை 40ஐத் தாண்டவில்லை. குற்றவாளி எது என்று டாக்டரும் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் அதே 2021இல் மும்பை மருத்துவர்கள், சீந்தில் சாப்பிட்டு ஈரல் பாதிப்போடு வந்த ஆறு பேரைப் பற்றி மருத்துவ இதழில் எழுதியிருந்தார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. பிறகு வேறு பல ஊர் மருத்துவமனைகளும் சேர்ந்து அதேபோன்ற நோயாளிகளைப் பற்றி எழுதின. உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் வகை நோய் உள்ளவர்கள் சீந்திலில் கவனமாக இருக்க வேண்டும் என்பது அதில் முக்கியமான விஷயம். சரவாங்கி அந்த வகைதான். மாமியாரிடம் இதைச் சொல்லிப் புரியவைக்க எனக்கு ஆறு மாதம் பிடித்தது.

சரி, "குறைந்த அளவு" என்றால் என்ன? இது புற்றுநோய்க்கும் கொடுக்கும் மருந்து. அங்கே சில சிகிச்சைகளில் ஒரே தடவையில் கிராம் கணக்கில் ஏற்றுவார்கள். மூட்டுக்கு வாரத்துக்கு 7.5 முதல் 25 மி.கி. வரைதான். இணையத்தில் படிக்கும் பயங்கரங்களில் பாதி அந்தக் கிராம் கணக்கைச் சேர்ந்தவை. மீதியில் ஒரு பகுதி, சொரியாசிஸ் என்ற தோல் நோய்க்கு இதைக் கொடுத்த பழைய அனுபவம். அப்போது மொத்தம் 1.5 கிராம் உள்ளே போனதும் ஈரலில் ஊசி போட்டுத் துணுக்கு எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். உங்கள் அம்மாவின் அளவில் அது 150 வாரம், கிட்டத்தட்ட மூன்று வருடம். இப்போது அப்படி எல்லோருக்கும் செய்வதில்லை. ரத்தப் பரிசோதனையும், தேவைப்பட்டால் ஃபைப்ரோஸ்கேனும் (ஊசி இல்லாமல் ஈரலின் இறுக்கத்தை அளக்கும் ஸ்கேன்) போதும் என்றாகிவிட்டது.

அதற்காக ஈரலை இது தொடவே தொடாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மூட்டு நோய் இல்லாத, இதய நோய் உள்ள 4,786 பேரில் ஒரு பாதிக்கு வாரம் 15 முதல் 20 மி.கி. மெத்தோட்ரெக்சேட்டும் மறுபாதிக்கு வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். 2018இல் முடிவு வந்தது. இதயத்துக்குப் பலன் இல்லை. மருந்து சாப்பிட்டவர்களுக்கு ஈரல் என்சைம் அதிகம் ஏறியிருந்தது. அவர்களில் பலருக்குச் சர்க்கரையோ உடல்பருமனோ இருந்தது. என் பயமும் அங்கேதான். ஏற்கெனவே கொழுப்பு படிந்த ஈரல், சர்க்கரை, குடி இதெல்லாம் இருந்தால் பத்து மில்லிகிராம் கூடச் சுமைதான். அம்மாவின் பழைய ஸ்கேன் ரிப்போர்ட் இருந்தால் தேடி எடுங்கள். "கிரேட் 1 ஃபேட்டி லிவர்" என்று ஒரு வரி இருந்தாலும் இருக்கும், யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். டாக்டரிடம் காட்டுங்கள். முதல் மாத்திரைக்கு முன்னால் எஸ்.ஜி.பி.டி., சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின், ரத்த அணுக்கள், ஹெபடைட்டிஸ் பி, சி பார்த்தாகிவிட்டதா என்றும் கேளுங்கள். முதல் மூன்று மாதம் இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்ப்பார்கள், பிறகு மெல்ல மெல்ல மூன்று மாதத்துக்கு ஒருமுறையாகும்.

ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் எழுதியிருப்பார்கள். சத்து மாத்திரைதானே என்று விட்டுவிடாதீர்கள். என்சைம் ஏறுவதையும் குமட்டலையும் அது குறைக்கிறது. ஃபோலிக் ஆசிட், மெத்தோட்ரெக்சேட் இரண்டுக்கும் பின்னால் ஒரே ஆள் இருப்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன எல்லாப்பிரகட சுப்பாராவின் குழுதான் 1940களில் ஃபோலிக் ஆசிட்டை ஆய்வகத்தில் உருவாக்கியது. ஃபோலிக் ஆசிட்டின் வேலையைத் தடுக்கும் மெத்தோட்ரெக்சேட்டும் அங்கிருந்தே வந்தது.

ஈரலை விட எனக்குப் பெரிய பயம் மருந்துக் கடைக் கவர். ஒரு தடவை என் கவரில் பழக்க தோஷத்தில் "1-0-0" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். தினமும் காலை ஒன்று என்று அர்த்தம்! இந்த மருந்து செல்லுக்குள் போய் நாள் கணக்கில் தங்கும், அதனால்தான் வாரம் ஒருமுறை. தினமும் போட்டால் வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் சரிந்து, உயிருக்கே ஆபத்து. எனக்குக் கொடுக்கும் ஃபோலிக் ஆசிட்டும் இதுவும் இரண்டுமே மஞ்சள் மாத்திரை வேறு. நான் மெத்தோட்ரெக்சேட்டைத் தனி டப்பாவில் வைத்து, மாதக் காலண்டரில் சனிக்கிழமைகளை மட்டும் சிவப்பில் வட்டமிட்டு, போட்டதும் குறுக்கே ஒரு கோடு இழுப்பேன். சளி, சிறுநீர்த் தொற்று என்று வேறு டாக்டரிடம் போனால் இதைச் சாப்பிடுவதை முதலில் சொல்லச் சொல்லுங்கள். கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக் இதோடு சேரவே கூடாது. வாய்ப்புண், காய்ச்சல், வறட்டு இருமல், மூச்சிரைப்பு, கண் மஞ்சள் என்று எது வந்தாலும் அடுத்த மாத்திரையைப் போடாமல் டாக்டரிடம் போங்கள்.

கொடுக்கலாமா என்று கேட்டீர்கள். எனக்கு நோய் தெரிந்த பிறகு, உங்களைப் போலவே லிவர் பயத்தில் பதினோரு மாதம் எண்ணெய் தேய்த்துக்கொண்டே ஓட்டினேன். அந்தப் பதினோரு மாதத்தில் வலது கையில் இரண்டு விரல் கோணியது, இன்னும் நிமிரவில்லை. மல்லிகைப் பூ வாங்கினால் இப்போது கட்டிய பூதான். உதிரிப் பூவை வாங்கிவந்து கட்ட முடிவதில்லை.